யோசெப்பினின் நொர்ஸ்க்

அன்று யோசெப்பின் சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள். ஒஸ்லோவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. வாசலில் பனிச்சேற்றைத் தட்டி, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இந்திரா, தான் காலையில் துடைத்த தரையில் கறுப்புத் தண்ணீர் தடம் போடுவதைப் பார்த்தாள். ஏச வாயெடுத்தவள் யோசெப்பினின் முகத்தைக் கண்டதும் துணியை எடுத்துத் துடைத்தாள்.

யோசெப்பின் கதிரையில் இருந்தாள். கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“எனக்குத் தரேல்லை, மச்சாள்,” என்றாள்.

எதைத் தரவில்லை என்று இந்திரா கேட்கவில்லை. ஒஸ்லோவின் புருசெத்தில் நாலாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து இந்த ஒரு கதைதான். யோசெப்பின் உதவிப் பயிற்றுநராக இருந்த விளையாட்டுக் கழகத்தில், குறுந்தூர ஓட்டக்காரரின் தலைமைப் பயிற்றுநர் வயதாகி விலகப்போகிறார். அந்த இடம் யோசெப்பினுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். விலகப்போகிற கிழவரே அப்படித்தான் சொல்லியிருந்தார். இப்போது வேறு கழகத்திலிருந்து ஒரு இளைஞனைக் கொண்டுவருகிறார்கள். தடை தாண்டி ஓடியவனாம், பயிற்சி நெறியை இந்த வருடம்தான் முடித்தவனாம். யோசெப்பினைச் சின்னப் பிள்ளைகளின் குழுவைப் பார்த்துக்கொள்ளும்படி நிர்வாகக்குழு கேட்டிருந்தது. அவள் கழகத்துக்கு மிகவும் முக்கியமானவள் என்றும், அவள் சிரிப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் என்றும் தலைவர் ஒட்வார் சொல்லியிருந்தார்.

“என்ரை சிரிப்பாம்,” என்றாள் யோசெப்பின். “நான் பயிற்சியிலை ஒரு நாளும் சிரிக்கிறேல்லை.”

அது உண்மை. பயிற்சி நேரத்தில் அவள் பொல்லாதவள். முழங்காலைத் தூக்காமல் ஓடும் பிள்ளையைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள். அழுதால், அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு மறுபடி ஓடச் சொல்வாள். இதைப் பற்றி ஒரு தாய் முறையிட்டதும் உண்டு. ஆனால் அந்தத் தாயின் மகள்தான் பனிகொட்டும் நாட்களிலும் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

இந்திரா தேத்தண்ணி ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். அடுப்பங்கரையில் உப்புமீன் ஊறிக்கொண்டிருந்தது. நோர்வேயின் கடலோரத்தில் காயவைத்த கொட் மீன் அது. யோசெப்பினின் தீவில் அதைப் பச்சை வாழைக்காயுடன் அவித்துப் பிரட்டுவார்கள். சிறுமியாக இருந்தபோது அது எந்த நாட்டு மீன் என்று அவளுக்குத் தெரியாது. கடைக்காரனின் பீப்பாவிலிருந்து வருகிற மீன், அவ்வளவுதான். ஒஸ்லோ வந்த முதல் வருடம் ஒரு கடைக்கண்ணாடிக்குப் பின்னால் அதைக் கண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாளாம். குறொன்லாண்டில் தமிழ்க்கடைகளில் வாழைக்காய் கிடைத்தது. இந்திரா அந்த மீனைக் கருவாட்டுக் குழம்புபோல் வைக்கப் பார்ப்பாள், யோசெப்பின் தன் முறைக்கு இழுப்பாள். கடைசியில் இரண்டும் இல்லாத ஒரு கறி வரும். அதற்கு அந்த வீட்டில் நல்ல மதிப்பு இருந்தது.

*

யோசெப்பின் பிறந்தது கரிபியன் கடலில் உள்ள சென்ற் லூசியாத் தீவில், டெனெரி என்ற மீன்பிடி ஊரில். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் வாழைக்குலைகளைக் கழுவிக் கப்பலுக்குப் பெட்டியில் அடுக்குகிறவள். பள்ளிக்கூடத்துக் கிரிக்கெற் மைதானத்தில் ஆடுகள் மேய்ந்து முடிந்த பிறகு சுண்ணாம்புக்கோடு இழுத்து ஓடிப் பழகினாள். வளர்ந்த பெண்ணாகுமுன் தீவில் நானூறு மீற்றரில் அவளை முந்த ஆளில்லை. அதை வைத்து அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. போன இரண்டாம் வருடமே குதிநாண் கிழிந்தது. ஓடாதவளுக்குக் கல்லூரியும் இல்லை. குதி ஒருமாதிரி ஆறியபின், ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு ஐரோப்பாவுக்கு வந்தாள். கோடைகாலத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் சின்னப் போட்டிகளுக்கு ரெயிலில் போய் ஓடினாள். பெரிய போட்டிகளில் எட்டாவது ஓடுபாதைக்கு ஆள் வராவிட்டால் அவளைக் கூப்பிடுவார்கள். பத்திரிகைப் படங்களில் வென்றவளின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிவாள். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதில்லை.

“கடைசி எண்டாலும் அந்த எட்டுப்பேருக்குள்ளை கடைசி, மச்சாள்,” என்பாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோடையில் அப்படித்தான் ஒஸ்லோவில் பிஸ்லெத் மைதானத்துக்கு வந்தாள். ஓட்டக்காரரைத் தங்குமிடத்திலிருந்து ஏற்றி இறக்கிய பஸ்ஸை ஓட்டியவன் யோகராசா. பந்தயம் முடிந்து எல்லாரும் இறங்கியபின், கடைசி இருக்கையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் அவன் பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதுதான் தொடக்கம். அடுத்த வருடம் கலியாணம். யாழ்ப்பாணத்தில் இருந்த சொந்தங்கள் படத்தைப் பார்த்துவிட்டு நெடுநாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, அவனுடைய அக்கா இந்திரா மட்டும் வந்து சேர்ந்தாள்.

யோகராசாவிடமிருந்துதான் யோசெப்பின் தமிழ் பிடித்தாள். அவன் அவளை ‘நீர்’ என்றதால் அவளும் அவனை ‘நீர்’ என்றாள். வந்த புதிதில் இந்திராவுக்கு அது காதில் குத்தியது. புருசனை ‘நீங்கள்’ எண்டு சொல்லவேணும் என்று திருத்தப் பார்த்தாள். அவர் என்னை நீர் எண்டால் நானும் அவரை நீர் எண்டுதானே சொல்லவேணும் என்று யோசெப்பின் கேட்டாள். இந்திரா யோசித்துப் பார்த்து, அதில் பிழை கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிட்டாள்.

நொர்ஸ்க் என்று ஒஸ்லோத் தமிழர் சொல்லும் நோர்வே மொழிதான் யோசெப்பினுக்குச் சரியாக அமையவில்லை. வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. வயோதிபர் இல்லத்தில் வேலை. காலை ஆறரைக்குத் தொடங்கி, தூக்கி, கழுவி, உடுத்தி, கஞ்சி ஊட்டுகிற வேலை. அந்தக் கிழவர் கிழவிகளிடமிருந்துதான் அவளுக்கு மொழி வந்தது. அதனால் அவள் பேச்சில் இன்று யாரும் சொல்லாத பழைய சொற்கள் இருந்தன. வட நோர்வேயிலிருந்து வந்த ஒரு முன்னாள் மீனவர் கற்றுக்கொடுத்த வசைச்சொற்களும் இருந்தன. வினைச்சொல் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. ஆனால் அவள் சொல்வது எவருக்கும் விளங்காமல் போனதில்லை.

யோகராசாவின் நொர்ஸ்க் வேறு தரம். எண்பதுகளின் நடுவில் மாணவனாக வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று, இரவில் பத்திரிகையை அகராதியோடு படித்து உண்டாக்கியது. தமிழ்ச் சனம் வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் போக அவனைத்தான் கூட்டிப்போகும். யாராவது பிழையாகச் சொன்னால் அவனால் திருத்தாமல் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறும் நோர்வேக்காரரையே இரண்டொரு முறை திருத்தியிருக்கிறான்.

அன்று பின்னேர வேலை முடிந்து வந்த யோகராசா விசயத்தைக் கேட்டுப் பெருமூச்சுவிட்டான். கோபப்படவில்லை. இஞ்சை எல்லாம் இப்பிடித்தான், ஒரு வரிசை இருக்கு, பொறுத்தால் எங்கடை முறை வரும் என்றான். நிலஅளவையாளனாக வரப் படித்துவிட்டு நான் பஸ் ஓட்டவில்லையா என்றும் கேட்டான். அந்த ஆறுதல் முன்பே யோசித்து வைத்ததுபோல் ஒழுங்காக வந்தது. அது இந்திராவுக்கு ஒரு மாதிரிப் பட்டது. யோசெப்பின் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

*

அவள் விலகவில்லை. சின்னப் பிள்ளைகளின் குழுவை ஏற்றுக்கொண்டாள்.

மார்கழியில் மைதானம் பனியால் மூடிவிட்டது. உள்ளரங்கம் கைப்பந்துக்காரருக்குப் போய்விட்டது, மிஞ்சிய நேரம் புதுப் பயிற்றுநரின் குழுவுக்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தள நடைபாதை கிடைத்தது. ஒரு முனையில் கோட்டுக் கொளுவி, மறு முனையில் தீயணைப்புக் கதவு. கதவில் மோதாமலிருக்க அவள் பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து கட்டினாள். சனிக்கிழமைகளில் பனி அள்ளும் சவலும் கையுமாக மைதானத்துக்குப் போய் ஒரு ஓடுபாதையை மட்டும் துப்பரவாக்குவாள். சவலுக்கு அடியில் பனி கல்லாக இறுகியிருக்கும். பழைய குதிநாண் நோகும். துப்பரவாக்கி முடியுமுன் பின்னால் மறுபடி வெள்ளையாகிவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பன்மார், வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்து அவளுக்குத் தலையசைத்துவிட்டுப் போவார்கள்.

புதுப் பயிற்றுநர் கெட்டவன் அல்ல. மரியாதையாகத்தான் நடந்தான். பெரிய பிள்ளைகள் ஓட்டக்கோட்டிலிருந்து கிளம்பும் புறப்பாட்டைப் பற்றி அவளிடம் வந்து கேட்டான். அவள் சொன்னாள். அடுத்த வாரம் பெற்றோருக்கு அனுப்பிய செய்தியில், புறப்பாட்டில் தாங்கள் செய்யும் புதிய முயற்சி என்று அவள் சொன்னதையே எழுதியிருந்தான். வீட்டில் அதைச் சொல்லி அவள் ஒரு நாள் முழுக்கக் குமுறினாள். குமுறிவிட்டு மறுநாளும் நடைபாதையில் போய் நின்றாள்.

கிறிஸ்துமசுக்கு முதல் ஞாயிறு காலை, கழக வீட்டில் பால்கஞ்சியும் சூடான திராட்சைப் பானமும் கொடுத்தார்கள். ஒட்வார் எல்லாருக்கும் தன் கையால் கஞ்சி வார்த்தார். அவர் ஓய்வுபெற்ற குழாய்த்தொழிலாளி, நல்ல மனிதர். யோசெப்பின் தன் கோப்பையோடு அவரிடம் போய், அடுத்த முறை இந்த இடம் கிடைக்க நான் என்ன செய்யவேண்டும் என்று நேராகக் கேட்டாள்.

ஒட்வார் மகிழ்ந்துபோனார். நல்ல கேள்வி என்றார். ஓட்டத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றார். பிரச்சினை மொழி மட்டும்தான். பெற்றோர் கூட்டம் நடத்தவேண்டும், ஆட்களைச் சமாளிக்கவேண்டும். அவளைச் சங்கடப்படுத்த யாரும் விரும்பவில்லை. பிறகு, அவளைத் தேற்றுவதற்காகவே அதையும் சொன்னார். இதை நாங்களாகத் தீர்மானிக்கவில்லை, உன் கணவரும் அப்படித்தான் நினைக்கிறார். செப்டெம்பரில் கழகக் கொட்டிலுக்கு வர்ணம் பூச வந்தபோது கேட்டேன். இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும் என்று அவர்தான் சொன்னார். நிதானமான மனிதர் உன் கணவர்.

யோசெப்பின் கஞ்சிக் கோப்பையை வைத்தாள். வைத்துவிட்டு நன்றி சொன்னாள்.

*

ரி-பானே ரெயிலில் வந்திருக்கலாம். அவள் நடந்தே வந்தாள். வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இந்திரா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். யோகராசா மேசையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். இந்த முறை அவள் சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காக வைத்துவிட்டு வந்தாள்.

“என்னைப்பற்றி ஒட்வாரோடை கதைச்சனீரா?” என்றாள்.

யோகராசா துருவலை நிறுத்தினான். “எப்ப?”

“எப்ப எண்டு நீர் சொல்லும்.”

அவன் பொய் சொல்லவில்லை. “பெயின்ற் அடிக்கப் போன அண்டைக்கு. அந்தாள் கேட்டது. நான் சொன்னனான்.”

“என்ன சொன்னனீர்?”

“உம்மடை நொர்ஸ்க் இன்னும் கொஞ்சம் திருந்தவேணும் எண்டு. அது உண்மைதானே, யோசெப்பின்.”

“உண்மை,” என்றாள் அவள். “நான் எங்கடை தீவிலை முதலாவதா வந்தனான். அதுவும் உண்மை. நாலு வருசமா அந்தப் பிள்ளைகளை நான் ஓடவைச்சனான். அதுவும் உண்மை. அதைச் சொன்னனீரா?”

“அதெல்லாம் அவைக்குத் தெரியும்தானே.”

“என்ரை நொர்ஸ்க்கும் அவைக்குத் தெரியும். நான் அவையோடை நொர்ஸ்க்தான் கதைக்கிறனான். பேந்து ஏன் உம்மைக் கேட்டவை?”

இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டு இந்திரா கையைத் துடைத்தாள். தம்பியின் குடும்ப விசயத்தில் தலையிடுவதில்லை என்று விமானத்தில் வரும்போதே முடிவெடுத்து வந்தவள் அவள். அதை அன்றுவரை பெரும்பாலும் காப்பாற்றியுமிருந்தாள்.

“உனக்கு யோகன், வெளியாளைக் கண்டால் எங்கடை வீட்டு ஆளைக் குறைச்சுச் சொல்லாட்டிச் செமிக்காது,” என்றாள். “அப்பாவும் இப்பிடித்தான். என்னைப் பொம்பிளை பாக்க வந்தவைக்கு, பிள்ளை கறுப்பு, சமையலும் பெரிசா வராது எண்டு தானே முந்திக்கொண்டு சொல்லுவார். அடக்கமாம். வந்தவை பிள்ளை அப்பிடித்தானாக்கும் எண்டு நம்பிக்கொண்டு போட்டினம். நீ அப்ப பக்கத்திலைதான் நிண்டனீ.”

ஆவியில் வெந்துகொண்டிருந்த இடியப்பத்தின் மூடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு யோகராசா தேங்காய்ப் பாதியைப் பார்த்தபடியே சொன்னான். வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒரு கூட்டத்தில், கையுறை கிழிந்துபோனதைச் சொல்ல எழும்பியிருக்கிறான். ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டான். அது வேறு அர்த்தம், கேவலமான அர்த்தம். முழு மண்டபமும் சிரித்தது. அங்கே நின்ற காலம் முழுக்க அந்தச் சொல்தான் அவனுக்குப் பெயர்.

“முப்பது தாய் தேப்பன் இருந்து உம்மைப் பாத்துச் சிரிப்பினம் எண்டு நினைச்சனான். எனக்கு அதை யோசிக்கவே ஏலாமல் இருந்தது.”

“நான் எட்டாம் ஓடுபாதையிலை கடைசியா வந்தனான்,” என்றாள் யோசெப்பின். “மைதானம் முழுக்கச் சனம். எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகு உடுப்பு மாத்திக்கொண்டு உம்மடை பஸ்ஸிலை ஏறி நித்திரை கொண்டனான். சிரிச்சால் என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியும். உமக்குத்தான் தெரியாது.”

அன்று இந்திராவின் இடியப்பத்தை ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

*

மறுநாளிலிருந்து யோசெப்பின் கணவனுடன் தமிழ் பேசுவதை நிறுத்தினாள்.

பேசாமல் இருக்கவில்லை. எல்லாவற்றையும் நொர்ஸ்க்கில் பேசினாள். பால் முடிந்துவிட்டது என்பதை, தலையிடிக்கிறது என்பதை, குளியலறைக் கதவை இறுக்கிச் சாத்து என்பதையெல்லாம் அந்தப் பழைய கிழவிகளின் சொற்களால், வினைச்சொல் இடம் மாறி, நிதானமாகச் சொன்னாள். முதல் நாள் அவன் பழக்கதோசத்தில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டான். அவள் நன்றி சொல்லிவிட்டு, அதே பிழையோடு மறுபடி சொன்னாள். பிறகு அவன் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

மாட்டுப்பட்டது இந்திராதான். மழலையர் பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் அவளுக்கு நிறங்களும் பழங்களும், வா, போ, தொடாதே என்பதும்தான் நொர்ஸ்க்கில் தெரியும். மேசையில் இருவரும் பேசுவதை ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், எனக்கு விளங்காத பாசையிலை என்ரை வீட்டிலை சண்டை பிடிக்கக்கூடாது, பிடிக்கிறதெண்டால் தமிழிலை பிடியுங்கோ என்றாள். சண்டை இல்லை, மச்சாள், உருளைக்கிழங்கைப் பற்றித்தான் கதைக்கிறம் என்று யோசெப்பின் தமிழில் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

யோகராசா செய்யக்கூடியதைச் செய்து பார்த்தான். ஒட்வாருக்குத் தொலைபேசி எடுத்து, தான் சொன்னது தவறு என்றான். ஒட்வார் அன்பாகக் கேட்டுக்கொண்டார். அதை யாரும் தவறாக எடுக்கவில்லை என்றார். இடம் நிரம்பிவிட்டது, வசந்தகாலத்தில் ஒரு நல்ல மொழி வகுப்புத் தொடங்குகிறது, மனைவிக்குச் சொல் என்றார். யோகராசா அதை வீட்டில் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, பால்கனியில் உறைந்துபோன பூச்சாடியைக் கத்தியால் குத்தி உடைத்துக்கொண்டிருந்தான்.

தைமாத நடுவில் யோசெப்பின் கழகத்தை விட்டாள். வயோதிபர் இல்லத்தில் அவளுடன் வேலைசெய்த ஒருத்தி, தாங்கள் இருந்த பள்ளத்தாக்கின் மறுகரையில் ஸ்டோவ்னரில் ஒரு சின்னக் கழகம் இருக்கிறது என்று சொன்னாள். அங்கே ஓடுகிற பிள்ளைகள் கொஞ்சப்பேர். பயிற்றுநர் நெடுநாளாக இல்லை. ஊதியம் இல்லை. உள்ளரங்கம் இல்லை. ஒரு குன்றும் வாகனத் தரிப்பிடமும் உண்டு. யோசெப்பின் போய்ப் பார்த்தாள். குன்றில் பிள்ளைகளை ஏறி ஓடவிட்டாள். தரிப்பிடத்தில், பனி வழிக்கும் வாகனம் துப்பரவாக்கிய பகுதியில் புறப்பாடு பழக்கினாள். திரும்பி வந்து இந்திராவிடம், அங்கே ஒரு பெட்டை ஓட்டத்தில் வளைவை எப்படி எடுக்கவேண்டுமென்று தெரியாமலே சரியாக எடுக்கிறாள் என்று ஆசையாகச் சொன்னாள். அந்தப் பெட்டைக்கு ஓட்டச் சப்பாத்து இல்லை. ஓடுபாதையோ சித்திரையில்தான் பனிக்குள்ளிருந்து வெளியே வரும். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பழைய சலிப்பு வந்துவிட்டது. எங்கே போனாலும் எட்டாம் ஓடுபாதைதான் மிச்சம் என்றாள்.

மாசியில் அந்தக் கழகத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். யோசெப்பின்தான் நடத்தவேண்டும். யோகராசா அன்று லீவு எடுத்துக்கொண்டு, அவள் வெளிக்கிடும்போது தானும் கோட்டைப் போட்டான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் பள்ளத்தாக்கைக் கடக்கும் பஸ்ஸில் போனார்கள். ஓட்டியவன் யோகராசாவின் கூட்டாளி. கையைத் தூக்கினான். யோசெப்பின் வழி முழுக்க உதட்டை அசைத்து எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் தவறு என்று யோகராசாவுக்குத் தெரிந்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூட்டம் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், கீழ்த்தளத்தில். வாசலில் பெற்றோர் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். படியில் அவள் நின்றாள்.

“நீர் வெளியிலை நில்லும்,” என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவனிடம் சொன்ன தமிழ் அதுதான்.

“நான் ஒண்டும் கதைக்கமாட்டன். பின்னாலை இருக்கிறன்.”

“நீர் இருந்தால் நான் உம்மடை முகத்தைப் பாத்துக் கதைப்பன். வெளியிலை நில்லும்.”

கதவு சாத்திக்கொண்டது.

அவன் சைக்கிள் நிறுத்தும் கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்றான். குளிர் அவ்வளவு இல்லை. பனி மழையாக மாறி, மழை மறுபடி பனியாகிக்கொண்டிருந்தது. வகுப்பறை யன்னலின் கீழ்ப்பாதியில் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்ததால் இருந்தவர்களின் தலைகள் மட்டுமே தெரிந்தன. யோசெப்பின் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். கை அசைந்தது. ஒரு முறை அவள் முழங்கால் படங்களுக்கு மேலே எழும்பியது. சொற்கள் கேட்கவில்லை, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. ஓரிடத்தில் அவள் நின்றுவிட்டாள். சொல்லைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. எந்தச் சொல்லாக இருக்கும் என்று அவனும் வெளியே நின்று தேடினான். வாய்க்குள் இரண்டு மூன்று சொற்களை வைத்துக்கொண்டு, கொடுக்க வழியில்லாமல் நின்றான்.

அப்போது உள்ளே சிரித்தார்கள்.

ஒருவர் இருவரல்ல, முழு வகுப்பறையும் சிரித்தது. யோகராசாவின் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. எப்படிப் படியேறினான் என்று அவனுக்கே தெரியாது. பிடி பனியாய்க் குளிர்ந்தது. உள்ளே சிரிப்பு அடங்கி, அவளுடைய குரல் மறுபடி தொடங்கியது. அது முந்திய குரல்தானா, உடைந்த குரலா என்று காதைக் கதவில் வைத்துக் கேட்டான். பிரிக்கத் தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்த மொழியைச் சொல்லுச் சொல்லாக ஆராய்ந்தவனுக்கு, அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, சைக்கிள் கம்பிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

கூட்டம் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவனைத் தாண்டிப் போனவர்கள் பஸ்ஸைப் பற்றியும் இரவுச் சாப்பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு தகப்பன் மட்டும், சித்திரைவரை பொறுக்க ஏலாது, நாங்களே சவல் கொண்டுவருவோம் என்று யாரிடமோ சொன்னார். யோசெப்பின் கடைசியாக வந்தாள்.

“சிரிச்சவை,” என்றான் யோகராசா.

“ஓம். நான் பகிடி ஒண்டு சொன்னனான்.”

“என்ன பகிடி?”

“அது நொர்ஸ்க்கிலை சொன்னாத்தான் பகிடி. தமிழிலை வராது.”

“நொர்ஸ்க்கிலை சொல்லுமன். எனக்கு விளங்கும்.”

“உமக்கு விளங்கும்,” என்றாள் அவள். “அதுதான் சொல்லேல்லை.”

பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்திரா குசினியிலிருந்து எப்படிப் போனது என்று கேட்டாள். யோகராசா கூடத்தில் இருந்து தொலைக்காட்சியில் செய்தியைப் போட்டான். குசினியில் யோசெப்பின் வாழைக்காயின் தோலைச் சீவிக்கொண்டே பேசினாள். கூட்டத்தில் சொன்ன பகிடியை அப்படியே, கைகால் அசைவோடு, நொர்ஸ்க்கில் இந்திராவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்திராவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரியான இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

யோகராசா அவசரமாகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். அதற்குள் பகிடி முடிந்துவிட்டது.